மேகமும் மேகக்கணிமையும்

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1909இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை, அதாவது இன்று எவர்ஷெட் விளைவு எனப்படுவதை, ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து கண்டறிந்தார். அதே மலையின் வட்டக்கானல் காபிக்கடைகளில் மடிக்கணினி விரிப்போருக்கோ, எதிர்ச்சரிவுக் கைப்பேசிக் கோபுரமே எட்டாத் தொலைவாகிவிடுகிறது. கோப்புகளைத் தொலைதூரக் கணினிகளில் சேமிப்பதும் மேகக்கணிமையின் ஒரு பகுதி. இங்கு மேகம் சன்னல் வழியே தானாக மேசைக்கு வந்துவிடும், கோப்புதான் மேலேறாது. இதே மலைத்தொடரின் தாண்டிக்குடிச் சரிவுகளில் பூத்துப் பழமாக எட்டொன்பது மாதம் எடுத்துக்கொள்ளும் காபி, அதற்குச் சற்றும் குறையாத நிதானத்துடன், ஒரே கோப்பையாக, மின்செருகி அருகிலுள்ள நாற்காலியில் பருகப்படுவதைக் கடைக்காரர் மட்டுமே முறையாக ஆய்ந்து வருகிறார்.