முதுகு யாருடையது?

ஈராயிரம் வருஷமாகச் செய்கிற குதிரைச் சேணத்தில் இன்னும் திருத்த என்ன இருக்கிறது?

உட்காருபவர் காசு கொடுக்கிறார். சுமப்பவர் வாயில் கடிவாளம். புகார் எப்படி வரும்? பழைய பாணிச் சேணத்துக்குள் இருக்கும் பீச் மரச் சட்டம் வடிவம் மாறாது. குதிரை முதுகோ தீனி, பயிற்சி, வயது என்று எல்லாவற்றுக்கும் மாறும். சட்டம் அழுத்தினால் அந்த இடத்தில் தசை வற்றும், கறுப்புக் குதிரைக்கும் அங்கே மட்டும் வெள்ளை முடி முளைக்கும் (நரை அல்ல, தழும்பு!). அதனால்தான் சட்டத்தின் அகலத்தைத் தீர்மானிக்கும் முன்வளைவு இரும்பைக் கழற்றி மாற்றும் சேணங்கள் வந்தன. ‘அடியில் கம்பளியைக் கூட்டினால் போதாதா?’ என்பார்கள். சட்டம் அகலமாக இருந்தால் ஓரளவு சரி. குறுகலாக இருந்தால், கடிக்கிற செருப்புக்குள் இரண்டு சாக்ஸ் போட்ட கதைதான். வாங்குமுன் பின்னாலிருந்து பாருங்கள்: முதுகெலும்புக்கு மேலே நீளவாக்கில் வெளிச்சம் தெரியவேண்டும்.