பிளாட் ஆன்டெனாவின் அகத்திணையியல்

ஆன்டெனாவை டைபோல், வெர்ட்டிகல், லூப் என்று உருவத்தால் பிரிப்பது தோட்டத்தோடு வீடு வைத்திருப்பவர்களின் மரபு. சென்னையில் நான்காவது மாடியில், வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக்குறியோடு குடியிருக்கும் ஹாமுக்கு, அதாவது அமெச்சூர் வானொலிக்காரருக்கு, அது உதவாது. இங்கே கம்பி என்ன உருவம் எடுக்கும் என்பதைச் சுவரும் பரணும் தீர்மானிக்கின்றன. ஆகவே யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பதைக் கொண்டே பிளாட் ஆன்டெனாவை வகுத்தல் தகும். அதற்குத் தொல்காப்பியரின் அகப்பாகுபாடே போதும். அசோசியேஷன் செயலாளரை அவர் அறியார், செவிலித்தாயை அறிவார்.

முதற்பொருள் நிலமும் பொழுதும். பிளாட்டில் நிலம் என்பது பத்திரத்தில் யூ.டி.எஸ். (பிரிக்கப்படாத பங்கு) என்ற பெயரில் மட்டும் உண்டு. எனவே குறிஞ்சி முதலிய ஐந்தும் இங்கே இல. நிலம் இல்லாததால் எர்த்தும் இல்லை. கால் அலைநீளக் கம்பியை ஜன்னலோரம் நிமிர்த்தினால் அது தன் மறுபாதியைத் தேடும். தரையோரமாக இன்னொரு கம்பியை ஓடவிடாதவர் வீட்டில் அந்த மறுபாதியாக அமைவன கோஆக்ஸின் மேலுறை, மைக், மைக்கில் படும் உதடு. உதட்டில் சுரீரென்று சுட்டால் கம்பி போதவில்லை என்று கொள்க.

பொழுது பகற்குறி, இரவுக்குறி என இரண்டு. பகற்குறிக்கு உரியது 28 மெகாஹெர்ட்ஸ்: அரை அலைக் கம்பி 5 மீட்டர், ஹாலில் அடங்கும். சூரியனில் புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில் நண்பகலிலும் கண்டம் கடக்கும். இரவுக்குறிக்கு உரியது 7 மெகாஹெர்ட்ஸ். பகலில் மதுரை, பெங்களூரு என்று பக்கத்திலேயே சுற்றும் இது, இருட்டி அயனி மண்டலத்தின் டி அடுக்கு கலைந்ததும் கடல் தாண்டும். ஆனால் 20 மீட்டர் கம்பி கேட்கும். இரவுக்குறிக்கு இடையூறாக ஊர் துஞ்சாமை, நாய் துஞ்சாமை என்று முன்னோர் அடுக்கினர். நம் காலத்தில் துஞ்சாதவை எல்.இ.டி. பல்பு, இன்வெர்ட்டர், செட்டாப் பாக்ஸ் அடாப்டர், லிஃப்ட். இவற்றின் இரைச்சலை யாரோ கூப்பிடுவதாக மயங்கிக் காதைத் தீட்டுவது அல்லகுறி.

கைக்கிளை ஒருதலையானது. பிறர் குரல் நமக்குக் கேட்கும், நம் குரல் பிறருக்குக் கேட்காது என்பது பழைய இலக்கணம். பிளாட்டில் பெரும்பாலும் தலைகீழ். நாம் அனுப்புவது எப்படியோ ஜன்னல் வழியாக வெளியேறிவிடும். எங்கோ ஒருவர் கேட்டு, நம் அழைப்புக்குறியைச் சொல்லி இரண்டு மூன்று முறை கூப்பிட்டும் விடுவார். நம் பக்கத்தில் இரைச்சல் எஸ்-8-இல் நிற்பதால் அது காதில் விழாது. நம்மைத் திமிர் பிடித்தவன் என்று நினைத்துக்கொண்டே அவர் போய்விடுவார்.

களவு என்பது 28 கேஜ் இனாமல் கம்பி. மோட்டார் ரீவைண்டிங் கடையில் கிடைக்கும். சீலிங் ஓரமாக ஒட்டி, அறை முடிந்த இடத்தில் இரு முனைகளையும் சுவரோடு மடக்கிவிட்டால், 14 மெகாஹெர்ட்ஸுக்கான 10 மீட்டரும் அடங்கும். நடுவில்தான் மின்னோட்டம் மிகுதி. ஆகவே நடுப்பகுதி நேராக இருந்தால் முனைகள் மடங்குவதால் பெரிய நட்டமில்லை. முனைகளில் வோல்ட்டேஜ் மிகுதி, கை படலாகாது. இக்களவைக் கண்டுபிடிப்பவர் பெயின்ட் அடிப்பவர் ஒருவரே.

இனி இற்செறிப்பு. வீட்டுக்குள்ளேயே அடைபட்ட ஆன்டெனாக்களில் தலையாயது மேக்னெட்டிக் லூப். ஏசி மெக்கானிக்கிடம் வாங்கிய தாமிரக் குழாயை ஒரு மீட்டர் விட்டத்தில் வளைத்து, இரு முனைகளுக்கிடையே பழைய வால்வு ரேடியோவின் கேங் கண்டன்சரை வைப்பது. இரண்டு கேங்கையும் தொடராக இணைக்க வேண்டும். இல்லையேல் அச்சில் உரசும் பட்டையே சக்தியைத் தின்னும். குமிழைத் திருகத் திருக ரிசீவரில் ஒன்றும் நடக்காது. ஒரு மயிரிழையில் 'ஹோ' என்று இரைச்சல் எழும், அடுத்த மயிரிழையில் அடங்கிவிடும். அந்த ஹோதான் ஒத்ததிர்வு. கையை எடுத்தால் அதுவும் நகர்ந்துவிடும். ஆகவே குமிழோடு பிளாஸ்டிக் குச்சி ஒன்றைச் சேர்ப்பார் அறிந்தோர்.

7 மெகாஹெர்ட்ஸில் இதன் கதிர்வீச்சுத் தடை ஓமில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. கொடுத்த சக்தியில் பெரும்பகுதி தாமிரத்தைச் சூடாக்கவே போகும். 14-இல் அத்தடை 16 மடங்கு, அங்கேதான் லூப்புக்கு மதிப்பு. 10 வாட்டுக்கே கண்டன்சரில் ஆயிரம் வோல்ட்டைத் தாண்டும். தகடுகள் நெருங்கியிருந்தால் நீலப்பொறி தெறிக்கும். அலைவரிசை சற்று நகர்ந்தாலும் மறுபடி திருக வேண்டும். ஒரே இடத்தில் உட்கார்ந்து 15 விநாடி அனுப்பி, 15 விநாடி கேட்கும் எஃப்.டி.8-க்கு இது குறையே அல்ல. பல்சார் ஆய்வுக்காக 1993-இல் நோபல் பெற்ற ஜோ டெய்லர், ஸ்டீவ் ஃபிராங்குடன் சேர்ந்து 2017-இல் வெளியிட்ட முறை அது. காதுக்கு எட்டாத குரலையும் கணினி பிரித்தெடுக்கும். லூப்புக்கு இன்னொரு குணமும் உண்டு: வளையத்தின் அச்சுத் திசையில் அது செவிடு. அந்தச் செவிட்டுப் பக்கத்தைப் பக்கத்து வீட்டு இன்வெர்ட்டருக்குக் காட்டி வைத்தால் பாதி நிம்மதி.

அலர் என்பது ஊர் தூற்றுதல். எதிர்வீட்டு மாமியின் டி.வி. ஸ்பீக்கர் வாத்துக் குரலில் "சி.க்யூ. சி.க்யூ." என்னும். பரிகாரம் அவர் வீட்டு ஸ்பீக்கர் ஒயரைப் பெர்ரைட் வளையத்தில் சில சுற்றுச் சுற்றுவது. அதற்கு அவர் வீட்டுக்குள் போயாக வேண்டும். அங்கேதான் தோழி வேண்டும். சுண்டல் கிண்ணத்தோடு மனைவி முன்னே செல்ல, வளையத்தோடு ஹாம் பின்னே செல்வது மரபு.

பெருந்திணை பொருந்தாச் சேர்க்கை. ரிக்குக்கும் ஆன்டெனாவுக்கும் உள்ள பொருத்தக்கேட்டை அளக்கும் எஸ்.டபிள்யூ.ஆர். 3 என்றால் கால் பங்கு சக்தி திரும்பி வரும், ரிக் பயந்து தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். இடையில் வரும் ட்யூனர் ஒரு கல்யாணத் தரகர், ஆயிரம் பொய் சொல்லி முடித்துவைப்பார். மீட்டரில் 1 காட்டுவதாகப் பெருமைப்படுவோர் கவனிக்க: 50 ஓம் டம்மி லோடும் 1-ஐத்தான் காட்டும், ஆனால் அடுத்த தெருவுக்குக்கூடக் கேட்காது.

உடன்போக்கு, பேட்டரியும் கம்பியுமாக ஏலகிரிக்குப் போய்விடுவது. எடுத்துக்காட்டுகள் நிறைய உண்டு. திரும்பி வர மனம் வராது என்பதே குறை.

கற்பு என்பது தோழி செயலாளரிடம் அறத்தொடு நின்று, பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேறி, வாட்டர் டேங்க் மேல் ஊரறிய நிமிரும் ஆன்டெனா. கடிதம், உரிமத்தின் நகல், இடிதாங்கிச் செலவு யாருடையது என்ற விவாதம் ஆகியவை அதன் கரணங்கள். மொட்டை மாடி முழுவதையும் சோலார் பேனலுக்கு ஒதுக்கியாகிவிட்டதாகவும், அதன் இன்வெர்ட்டர் அடுத்த மாதம் வருவதாகவும் செயலாளர் தெரிவிப்பதால், கற்பியல் அடுத்த பொதுக்குழுவுக்கு ஒத்திவைக்கப்படுகிறது.