பழுப்பு ஸ்லாட்

2004-ல் சென்னை ரிச்சி தெருவில் எழுதி வாங்கிய கொட்டேஷன் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. மஞ்சளேறிய தாளில் ஏழு வரி. ப்ராசஸர், மதர்போர்டு, 256 எம்பி ராம், 80 ஜிபி ஹார்ட் டிஸ்க், எஸ்எம்பிஎஸ்ஸோடு கேபினட், 17 இஞ்ச் மானிட்டர், கீபோர்டு-மவுஸ். கூட்டி 22,000 ரூபாய். அப்பா சொசைட்டியில் கடன் போட்டுக் கொடுத்த பணம்.

சிம்சன் ஸ்டாப்பில் இறங்கி நானும் அப்பாவும் நடந்தே போனோம். கடைக்காரரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கேம் ஓடுமா? "எல்லாம் ஓடும் தம்பி" என்றார். அப்பா பணத்தை இரண்டு முறை எண்ணிக் கொடுத்தார்.

வைஸ் சிட்டி கேம் ஓடியது. ரெசல்யூஷனைக் குறைத்து வைத்தால் நன்றாகவே ஓடியது. பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாதான் திறக்கவே மறுத்தது. தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும் என்றார்கள் நண்பர்கள். ஐந்து மாதம் மெஸ் பணத்தில் மிச்சம் பிடித்து 128 எம்பி ஏஜிபி கார்டு ஒன்று வாங்கினேன். ராத்திரி கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தேன். வெள்ளை நிறத்தில் பிசிஐ ஸ்லாட் மூன்று வரிசையாக இருந்தன. அவற்றுக்கு மேலே, பழுப்பு நிற ஏஜிபி ஸ்லாட் இருக்க வேண்டிய இடத்தில், ஈயப் புள்ளிகள் மட்டும் இரண்டு வரிசையாக மின்னின. ஸ்லாட்டைப் பொருத்தாமலே வந்த போர்டு அது. கையில் கார்டை வைத்துக்கொண்டு வெகுநேரம் அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கடையில், "இந்த போர்டுல அது வராது தம்பி, போர்டையே மாத்தணும்" என்றார்கள். கொட்டேஷனை எடுத்துக் காட்டினேன். அதில் 'மதர்போர்டு' என்று ஒரே ஒரு சொல்தான் இருந்தது. அந்தத் தாளில் பொய் இல்லை. பெயர்தான் பாதியாக இருந்தது. அப்பாவிடம் இதைச் சொல்லவே இல்லை. கடன் தவணை அப்போது ஓடிக்கொண்டிருந்தது.

இருபது வருஷத்துக்கும் மேல் கழித்து அதே தெருவுக்கு அக்கா மகனோடு போனேன். அரசினர் தோட்டம் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். பையன் கையில் 50,000 ரூபாய். கல்லூரி முதல் வருஷம், பகுதி நேர வேலை பார்த்துச் சேர்த்தது. வாங்கப் போகும் நேரமும் நல்ல நேரமில்லை. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போனதில் 2025 கடைசியில் ராம் விலை கண்டபடி ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், வீட்டு உபயோகத்துக்கு விற்றுவந்த தன் க்ரூஷியல் வியாபாரத்தையே நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. டிடிஆர்5 பக்கம் நாங்கள் திரும்பவே முடியவில்லை. டிடிஆர்4 போடுகிற ஏஎம்4 போர்டுதான் என்று வீட்டிலேயே முடிவு செய்திருந்தான்.

நான் ஒரு யோசனை சொன்னேன். "ரைசன் 5600ஜி ப்ராசஸர் வாங்குடா மாப்ள. அதுலயே கிராஃபிக்ஸ் இருக்கு. இப்ப அதுல ஆடு, பணம் சேர்ந்ததும் கார்டு போட்டுக்கலாம். போர்டுல ஸ்லாட் இருக்குல்ல?"

"ஸ்லாட் இருக்கு மாமா. அதுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு பாக்கணும்" என்றான்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து விளக்கினான். கார்டு போடும் பிசிஐஇ ஸ்லாட்டை 5600ஜி மூன்றாம் தலைமுறை வேகத்தில்தான் இயக்கும். போர்டு பி550 ஆகவே இருந்தாலும் கார்டுக்கு நான்காம் தலைமுறை வேகம் வராது. பட்ஜெட்காரர்கள் எடுக்கிற ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டோ, ஸ்லாட் முழு நீளத்துக்கு இருந்தாலும் 4 லேனில், அதாவது நாலு தடத்தில்தான் பேசும். கார்டின் 4 ஜிபி மெமரி நிரம்பியதும் மிச்சத்தை மெயின் ராமிலிருந்து அந்த நாலு லேன் வழியாகத்தான் இழுக்க வேண்டும். மூன்றாம் தலைமுறையில் அந்த வழியும் பாதியாகிவிடும். அந்த ப்ராசஸரையும் கார்டையும் சேர்த்து வாங்கியவனுக்குப் பெட்டியில் எழுதியதெல்லாம் கிடைக்கும், வேகம் கிடைக்காது. கேட்கக் கேட்க, அன்று டார்ச் வெளிச்சத்தில் பார்த்த ஈயப் புள்ளிகள்தான் நினைவுக்கு வந்தன. என் போர்டில் இல்லாதது கண்ணுக்காவது தெரிந்தது.

பெயர் விஷயம் அன்றும் இப்படித்தான். ஜீஃபோர்ஸ் 3-ல் இருந்த பிக்சல் ஷேடர், அதற்குப் பிறகு வந்த ஜீஃபோர்ஸ் 4 எம்எக்ஸில் இல்லை. நாலு மூன்றை விடப் பெரிது என்று நம்பி வாங்கியவர்கள் எத்தனையோ பேர். இன்று ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜிபி, 6 ஜிபி என இரண்டு கார்டு. மெமரி மட்டும்தான் குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. முதலாவதில் 2,560 கோர், இரண்டாவதில் 2,304. கடன் வாங்கியும் சேர்த்தும் வருகிறவனிடம் இதைச் சொல்லாமல் விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பையன் கடைசியில் எடுத்தது ரைசன் 5 5600, பி550 போர்டு, 8 ஜிபி ராம் இரண்டு. ஒரே 16 ஜிபி குச்சியாகப் போட்டால் ஒரு சேனல்தான் வேலை செய்யும் என்பதால் இரண்டாக எடுத்தான். கார்டு, செகண்ட் ஹேண்ட் ஆர்எக்ஸ் 6600. கடையிலேயே அரை மணி நேரம் கேம் ஓட்டி, ஃபேன் சத்தம் கேட்டு, சீரியல் நம்பரைப் பில்லோடு ஒப்பிட்ட பிறகுதான் பணத்தை எடுத்தான்.

மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்தான் அவனை அதிக நேரம் நிற்க வைத்தது. 'கேபினட்டோட ஃப்ரீயா வருது' என்றதை வேண்டாம் என்றுவிட்டான். இரண்டு எஸ்எம்பிஎஸ்ஸைக் கவிழ்த்து ஸ்டிக்கரைக் காட்டினான். இரண்டிலும் கொட்டை எழுத்தில் 450 வாட். கீழே பொடி எழுத்தில் ஒன்றில் 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர், மற்றொன்றில் 36 ஆம்பியர். பெருக்கிப் பார்த்தால் 192, 432. ப்ராசஸரும் கார்டும் குடிப்பது அந்த 12 வோல்ட்டைத்தான். கையில் தூக்கினாலே கன வித்தியாசம் தெரிந்தது.

பில் போடும்போது கடைக்காரர் 'மதர்போர்டு - 1' என்று எழுதினார். "முழு மாடல் நம்பரையும் போடுங்கண்ணா" என்றான் என் மருமகன். அவர் முகம் சுளிக்காமல் அட்டைப் பெட்டியைத் திருப்பி, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதிக் கொடுத்தார்.

குறைந்த பணத்தில் கம்ப்யூட்டர் கட்டப் போகிறவர்களே, கொட்டேஷனில் ஒவ்வொரு பொருளுக்கும் முழுப் பெயரைக் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு எடுத்துவந்து ஒரு ராத்திரி படித்துவிட்டு, மறுநாள் பணம் கட்டுங்கள்.