வகுப்பு கலைந்த பிறகும்

ஐபி முகவரிகளை ஏ, பி, சி என்று வகுப்பு பிரித்து வழங்கும் முறையை 1993-லேயே கைவிட்டாயிற்று. சி வகுப்பின் 256 முகவரி போதாத நிறுவனத்துக்கு, அடுத்த படியாக 65,536-ஐத் தூக்கிக் கொடுத்த தாராளம் அது. கையிருப்பு கரையாமல் என்ன செய்யும்? பதிலுக்கு சைடர் முறை வந்தது: முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு, ஓர் எண். தேவைக்கேற்ப வெட்டிக்கொள்ளலாம்.

திறமூல மென்பொருள் கையேடுகள் பலவற்றுக்கு இந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை. 10.1.2.0/24 என்று எழுதிவிட்டு, பக்கத்திலேயே ‘கிளாஸ் சி நெட்வொர்க்’ என்கிறார்கள். 10-இல் தொடங்குவது பழைய கணக்குப்படி ஏ வகுப்பு. செத்துப்போன முறையையாவது சரியாகச் சொல்லக்கூடாதா?

திருத்தம் அனுப்பினால், “படிப்பவர்களுக்குப் பழகிய பெயர், இருக்கட்டுமே” என்பார்கள். எங்கே பழகினார்களாம்? இதே கையேட்டில்தான்.

லினக்ஸின் பழைய இஃப்கான்ஃபிக் கட்டளை ஒரு படி மேல். நெட்வொர்க்கின் அளவைச் சொல்லும் நெட்மாஸ்க்கைக் கொடுக்க மறந்தால், வகுப்பைப் பார்த்துத் தானே ஒன்றைப் போட்டுக்கொள்ளும். 10-இல் தொடங்கும் கணினிக்கு அதன் கணக்கில் சுமார் 1.67 கோடி அண்டை வீட்டார். ஆபீஸில் இருப்பதோ நாலு பேரும் ஒரு பிரின்டரும்.