நாக்பூர் கவரும் மஞ்சள் துணியும்

1996-ல் எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் காப்புரிமை என்றால் தபால் வேலை. ஆய்வு மாணவர்கள் கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸின் தடித்த தொகுதிகளை நாள்கணக்கில் புரட்டி, ஒரு காப்புரிமை எண்ணைத் துண்டுச்சீட்டில் குறித்துக்கொண்டு என் மேசைக்கு வருவார்கள். நாக்பூரில் மத்திய அரசின் காப்புரிமைத் தகவல் மையம் இருந்தது. பிரதி கேட்டு அங்கே நான் கடிதம் தட்டச்சு செய்வேன். மாணவர் வங்கிக்குப் போய் டி.டி. எடுத்து வருவார். பிறகு இருவரும் தபால்காரருக்காகக் காத்திருப்போம்.

மஞ்சள் ஏற்றிய பருத்தித் துணியால் புண்ணை ஆற்றுவது பற்றி ஒருவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருக்கு வந்த கவரைப் பிரித்தால் உள்ளே ஏதோ பம்பின் படம். எண்ணில் 3-ஐ நான் 8 என்று அடித்திருந்தேன். "பரவாயில்லை சார், இன்னொரு டி.டி. எடுத்துட்டு வர்றேன்" என்றார். உதவித்தொகையில் நாள் ஓட்டும் பிள்ளை. அந்தக் குரல் இன்னும் எனக்குள் இருக்கிறது.

அதே நாட்களில்தான் நாடே மஞ்சளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. மஞ்சளால் புண்ணை ஆற்றும் முறைக்கு 1995-ல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு அமெரிக்கா காப்புரிமை கொடுத்திருந்தது. நம் நாட்டு அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். அதை எதிர்த்து 32 சான்றுகளைத் திரட்டிக் கொடுத்தது. 1953-ல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையும் அவற்றில் ஒன்று. 1997-ல் காப்புரிமை ரத்தானது. நம் பாட்டிகள் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம்தான். ஆனாலும் அது புதிதல்ல என்று காட்ட, தேதி போட்டு அச்சான தாள் ஒன்று ஏதோ ஓர் அலமாரியில் இருந்தாக வேண்டியிருந்தது.

இப்போது கவரும் இல்லை, டி.டி.யும் இல்லை. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1998-ல் தொடங்கிய எஸ்பாஸ்நெட்டில் 15 கோடிக்கும் மேற்பட்ட ஆவணங்கள் இலவசமாகக் கிடக்கின்றன. கூகுள் பேட்டன்ட்ஸ், பேட்டன்ட்ஸ்கோப், லென்ஸ், நம் நாட்டு இன்பாஸ் என்று தேடுதளங்கள் பலவும் இருக்கின்றன. அண்மையில் ஒரு மாணவி மடிக்கணினியோடு வந்து நின்றாள். அவளுக்கும் மஞ்சள்தான், அவளுக்கும் புண்தான்.

"பல ஆயிரம் வருது சார். எதைப் படிக்கிறது?"

"இப்போதைக்கு எதையும் படிக்காதேம்மா. முதல்ல அவங்க இதுக்கு என்ன பேர் வெச்சிருக்காங்கன்னு பார்ப்போம்."

காப்புரிமை எழுதுகிறவர் பேனாவைப் பேனா என்று சொல்ல மாட்டார், 'எழுதுகருவி' என்பார். வலையை எவ்வளவு அகல விரிக்கிறாரோ அவ்வளவு உரிமை அவருக்கு. அதனால் சொல்லை விட்டுவிட்டு வகைப்பாட்டு எண்ணைப் பிடிக்கச் சொன்னேன். ஏ61கே 36/9066 என்பது மஞ்சள் இனம். ஏ61எல் 15 என்பது கட்டுத்துணிகள். இரண்டையும் சேர்த்துத் தேடினோம். திரையில் வந்தது ஒரு வாரத்தில் படித்துவிடக்கூடிய பட்டியல். ஒரே கண்டுபிடிப்பு ஐந்து நாடுகளில் பதிவாகி ஐந்தாகத் தெரிவதைக் 'குடும்பம்' என்று சேர்த்துப் பார்க்கவும், சுருக்கத்தோடு நின்றுவிடாமல் உரிமைக்கோரல்களை வரிவரியாகப் படிக்கவும் சொல்லிக் கொடுத்தேன். இந்தியாவில் பதியாத காப்புரிமை இங்கே யாரையும் கட்டுப்படுத்தாது என்றதும் அவள் கண் விரிந்தது. விண்ணப்பங்கள் பொதுவாகப் பதினெட்டு மாதம் வெளியிடப்படாமல் இருக்கும், அதுவரை எந்தத் தேடலிலும் சிக்காது என்றதும் முகம் வாடியது.

மூன்றாம் நாள் மாலை, "நான் செய்யறது எங்கேயும் இல்லை சார்" என்றாள். அவள் விளக்க விளக்க எனக்கு அந்தப் பம்பின் படம் ஞாபகத்துக்கு வந்தது. எழுந்து ஸ்டாக் ரூமுக்குப் போனேன். கீழ்த்தட்டில், கறுப்பு காலிகோ பைண்டிங்கில், 1999-ல் அந்த மஞ்சள் துணி மாணவர் கொடுத்த ஆய்வேடு இருந்தது. அதை யாரும் ஸ்கேன் செய்யவில்லை, ஆய்வேடுகளுக்கான ஷோத்கங்கா தளத்தில் ஏற்றவில்லை, உலகின் எந்தத் தேடுபொறிக்கும் அது தெரியாது.

நூலகத்தில் தூங்கும் ஆய்வேடுதானே என்று ஒதுக்கிவிட முடியாது. ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழக நூலகத்தில் பட்டியலிடப்பட்டிருந்த ஒரே ஓர் ஆய்வேட்டை முன்னறிவாக, அதாவது ஏற்கெனவே வெளியானதாக ஏற்று, 1986-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒருவருக்குக் காப்புரிமையை மறுத்திருக்கிறது. வழக்கைத் தீர்த்தது, ஆய்வேடு பட்டியலில் ஏறி வாசகர் கைக்கு வரும் காலத்தைப் பற்றி அந்த நூலக அலுவலர் எழுதிக் கொடுத்த வாக்குமூலம். என் வேலையில் நான் படித்த தீர்ப்புகளில் மனசுக்கு மிக நெருக்கமானது இதுதான். நாங்கள் குத்துகிற தேதி முத்திரைக்கு அவ்வளவு கனம் உண்டு.

அவள் அந்த ஆய்வேட்டை இரண்டு நாள் வைத்துப் படித்தாள். துணியில் மஞ்சள் ஏற்றும் முறை அவருடையது. அதை நாள்கணக்கில் சிறிது சிறிதாகக் கசியவிடும் முறை அதில் இல்லை, அது அவளுடையது. "கட்டுரையா அனுப்பறதுக்கு முன்னாடி விண்ணப்பத்தைப் போட்டுடும்மா. வெளியே வந்துட்டா உன் கட்டுரையே உனக்கு எதிர்ச்சாட்சி" என்றேன். தலையாட்டிவிட்டு, முதல் பக்கத்தில் இருந்த பெயரைக் காட்டி, "இவர் இப்ப எங்கே சார் இருக்கார்?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. அன்று மாலையே சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து அந்த நூலின் எண்ணையும் தேதியையும் பார்த்தேன். என் கையெழுத்துதான். ஓர் இலக்கம்கூடப் பிசகவில்லை. மறுநாள் காலை ஆய்வேட்டை ஸ்கேனருக்கு நானே எடுத்துப் போனேன்.