கண்ணாடிக் கூட்டுக்குள்ள ஒரு மேகமலை

வாங்கப்பா, இப்பிடி வந்து உக்காருங்க. தாயி, நீ சேர்ல உக்காரு. திண்ணையில இப்பத்தான் கோழி படுத்துட்டுப் போச்சு. அங்கன உம் புருசன் உக்காந்துக்கிருவான்.

சிங்கப்பூரு போறீகளாம்ல? கம்பம் பூராம் டமாரம் அடிச்சு முடிச்சிட்டு, கடைசியா எங்கிட்டச் சொல்ல வந்திருக்கான் பாரு என் பேரன். சரி, போனுல என்னமோ பட்டியல் போட்டு வச்சிருக்கியாம்ல, வாசி, கேப்போம். அம்மாடி! மொத நாளுக்கு மட்டும் பதினோரு எடமா? விடியக்காலம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்துற ஜீப்புக்காரன்கூட இம்புட்டு நெருக்கி ஏத்த மாட்டானேப்பா.

இந்தக் கெழவன் எங்க சிங்கப்பூரு போனான்னு பாக்குறியா? நம்ம தெருப் பயக நாலு பேரு அங்க கம்பி கட்டுறானுக. ஞாயித்துக்கிழமையானா வீடியோ கால்ல ஊரையே சுத்திக் காட்டுவானுக. காசில்லாம, விசா இல்லாம, காலு வலிக்காம நான் பத்துத் தடவை பாத்தாச்சு.

மொதல்ல நேரக் கணக்கு. கம்பத்துல இருந்து மதுரைக்குப் பஸ்ஸுல மூணு மணி நேரம். மதுரையில ஏறுனா நாலு மணி நேரத்துச் சொச்சத்துல சிங்கப்பூரு. ஆண்டிபட்டிக் கணவாய் வாரதுக்குள்ள நீ அடுத்தவன் தோள்ல சாஞ்சு தூங்குற ஆளு. அங்கிட்டுக் கடிகாரம் நம்மளவிட ரெண்டரை மணி நேரம் முந்தி ஓடுது. அங்க காலையில ஆறு மணின்னா உன் வயித்துக்கு மூணரைதான். அந்நேரத்துல இட்லியத் திணிச்சா வயிறு உன்னையத்தான் வையும். அதனால மொத நாளு மத்தியானம் வரைக்கும் கம்முனு படுத்துத் தூங்குங்க. பதினொண்ணுல அஞ்சு அங்கனயே கழிஞ்சு போச்சா?

போறதுக்கு மூணு நாளைக்குள்ள வருகை அட்டைன்னு ஒண்ணை போனுலயே நிரப்பணுமாம், அதை மறந்துராத. வாயில அடக்குற புகையிலைக்கு அங்க தடை. சூயிங்கம் விக்கிறதுக்கு 1992ல இருந்தே தடை. ரயிலுக்குள்ள வாயில எதைப் போட்டாலும் 500 வெள்ளி வரைக்கும் அபராதம். வெள்ளின்னா அவுக ஊரு டாலரு. நான் மட்டும் போயிருந்தேன்னு வையி, வெத்தலை எச்சிலுக்கே நம்ம திராட்சைத் தோட்டத்தை எழுதிக் குடுத்துட்டு வந்திருப்பேன்.

அப்புறம், எதைப் பாத்தாலும் நம்ம ரூபாய்க்குப் பெருக்கிப் பெருக்கிப் பாக்காத. தாயி, இதை உனக்குச் சொல்லல, அவனுக்குத்தான். ஒரு டீக்குக் கணக்குப் போட்டே ஆறவிட்டுருவான்.

இப்ப உன் பட்டியல்ல இருக்குற அருவிக்கு வாரேன். விமான நிலையத்துக்குள்ளயே ஒரு அருவி வச்சிருக்கானுக, 40 மீட்டர் உசரம். 2019ல தொறந்தது. கூரையில ஓட்டை போட்டு, அது வழியா ஊத்துது. காலங்காத்தால எறங்குனா அது இன்னும் முழிச்சிருக்காது. நம்ம ஊரு ஜவுளிக்கடை மாதிரி பத்துப் பதினொரு மணிக்குத்தான் அருவியத் தொறப்பாக. நானும் அந்தப் பயககிட்டக் கேட்டேன், "ஏப்பா, குளிக்கலாமா?"ன்னு. சிரிக்கிறானுக. குளிக்க முடியாத அருவிய வச்சுக்கிட்டு என்னப்பா செய்யிறது? சுருளியில யானை எறங்குனா மட்டும்தான் நாம குளிக்காமத் திரும்புவோம்.

அது போதாதுன்னு, கடலோரத் தோட்டத்துல பெரிய கண்ணாடிக் கூண்டு ஒண்ணு இருக்காம். பேரு மேகக்காடு. 2012ல தொறந்தாக. உள்ள செயற்கையா ஒரு மலை, 35 மீட்டர். அதுலயும் ஒரு அருவி. நேரம் வச்சுக் குழாயில பனி அடிப்பானுக. உள்ள குளுகுளுன்னு இருக்கும். ஆளுக்கு ஆயிரக்கணக்குல ரூபா குடுத்து நீங்க பாக்கப் போறது அதைத்தான்.

உண்மையைச் சொல்லு. கல்யாணமாகி மாசம் ரெண்டாச்சு. சின்னமனூருல இருந்து 18 கொண்டை ஊசி வளைவு ஏறுனா மேகமலை. பனிக்கு டைம்டேபிளு கிடையாது, டிக்கெட்டும் கிடையாது. ஒரு நாளாச்சும் இந்தப் புள்ளையக் கூட்டிட்டுப் போனியா? கேட்டா, "ரோடு சரியில்ல தாத்தா"ங்கிறது. இவனுக்கு ரோடு சரியா இருக்கணும்னா மலையவே பேத்து வீட்டுக்குள்ள வைக்கணும். அதைத்தான் சிங்கப்பூர்க்காரன் செஞ்சிருக்கான், கெட்டிக்காரன்!

அடுத்து அந்தச் சிங்கத் தலை, மீன் ஒடம்பு. ஊரு பேருதான் சிங்கபுரம், அந்தத் தீவுக் காட்டுல சிங்கமே கிடையாது. 1972ல செஞ்சு வச்ச செலை, எட்டரை மீட்டருக்கு மேல இருக்கும். வாயில தண்ணியாக் கொட்டும். 2009ல இடி விழுந்து தலையில ஒரு சில்லு பேந்துருச்சு, பெறகு ஒட்டுனாக. மதுரைப் புது மண்டபத்துத் தூணுல நிக்கிற யாளியப் பாத்து வளந்தவன், அதைப் பாத்து வாயப் பொளக்கலாமா? பாரு, வேணாங்கல. அது வாயில விழுகுற தண்ணிய நீ வாயால பிடிக்கிற மாதிரி மட்டும் போட்டோ எடுக்காத. அந்தப் பயக நாலு பேரும் அதேதான் எடுத்தானுக. நாலுலயும் தண்ணி காதுக்குள்ள போகுது.

உன் பட்டியல்ல இல்லாத ஒண்ணு சொல்லவா? தங்குற எடத்துல குழாயத் திருகிப் பாரு. அந்த ஊருக்குத் தண்ணி பாதி அடுத்த நாட்டு ஆத்துல இருந்து வருது. மலேசியாவுல ஜோகூரு ஆறு. 1962ல போட்ட ஒப்பந்தம், ஒரு நாளைக்கு 25 கோடி கேலன் வரைக்கும் எடுத்துக்கலாம். 2061ல முடியுது. இதைக் கேட்டதும் எனக்கு அந்த ஊரு மேல ஒரு பாசமே வந்துருச்சு. நாமளும் அடுத்த சீமையில அணையக் கட்டித்தான குடிக்கிறோம்? பென்னிகுக் துரை 1895ல முடிச்ச அணை. 1886ல போட்ட ஒப்பந்தம், 999 வருசத்துக்கு. சிங்கப்பூர்க்காரனுக்கு 2061 வந்துருமேங்கிற பயம். அதனால மழைத்தண்ணியச் சேக்குறான், கடல் தண்ணியக் காச்சுறானோ வடிக்கிறானோ குடிதண்ணியாக்குறான், சாக்கடைத் தண்ணியக்கூடச் சுத்தம் பண்ணித் திருப்பி எடுத்துக்கிறான். நமக்குத்தான் 999 வருசம் இருக்கேன்னு வாய்க்கா ஓரத்துல குப்பையக் கொட்டிக்கிட்டு இருக்கோம்.

சாயங்காலம் சவுத் பிரிட்ஜ் ரோட்டு மாரியம்மன் கோயிலுக்குப் போங்க. சுத்தி முழுக்கச் சீனாக்காரக கடை, நடுவுல நம்ம கோபுரம். 1827ல ஆரம்பிச்ச கோயிலு. 1819ல ராபிள்ஸ் துரை கூட வந்த நாராயண பிள்ளைங்கிறவரு எழுப்புனது. நம்ம வீரபாண்டி ஆத்தாளுக்குச் சித்திரையில அக்கினிச்சட்டி, அங்கிட்டு இருக்குறவளுக்குத் தீபாவளிக்கு முன்னாடி பூக்குழி. அங்கன கும்பிட்டுட்டு, செராங்கூன் ரோட்டுக்கு வந்து எலை போட்டுச் சாப்பிடுங்க. ஞாயித்துக்கிழமைன்னா நம்மாளுக கூட்டம் சந்தை மாதிரி நெரியும். நம்ம தெருப் பயகளையும் பாத்துருங்க. அவனுக ஆத்தாமாரு அதிரசம் கட்டித் தருவாளுக. வழியில பிரிச்சுத் தின்னுறாத, எண்ணித்தான் தருவாளுக.

அம்புட்டுத்தான் மொத நாளு. மிச்சத்தை மறுநாள் பாருங்க, ஊரு எங்கயும் ஓடிப் போகாது.

இன்னும் ஒண்ணே ஒண்ணு. டேய், அவளுக்குப் பத்தடி முன்னாடி நடக்காத. நம்ம வம்சத்துக்கே உள்ள புத்தி அது. எனக்குக் கல்யாணம் ஆன புதுசுல உங்க அப்பத்தாளை மதுரைக்குக் கூட்டிட்டுப் போனேன். மீனாச்சி கோயிலுக்குள்ள நான் பாட்டுக்கு விறுவிறுன்னு நடந்து, தெக்கு வாசல் வழியா வெளிய வந்து திரும்பிப் பாத்தா, ஆளைக் காணோம். நாலு வீதியும் ரெண்டு மணி நேரம் தேடுறேன், வேட்டி அவுந்தது தெரியாம. அவ புது மண்டபத்துல வளையக் கடையில உக்காந்து கை நெறைய அடுக்கிக்கிட்டு இருக்கா. என்னையப் பாத்ததும் கேட்டா பாரு ஒரு கேள்வி: "எங்கய்யா தொலைஞ்சு போனீக?"

வளையலுக்கு நான்தான் காசு குடுத்தேன். அம்பது வருசத்துக்கு மேல ஆச்சு, இன்னும் யாரு வந்தாலும் என்னையத் தொலைச்ச கதையத்தான் சொல்றா.

சரி, கெளம்புங்க. வரும்போது கோடாலித் தைலம் ரெண்டு பாட்டில் வாங்கியாந்துரு. அப்பத்தாளுக்குன்னு சொல்லி வாங்கு. முழங்கால் வலி எனக்குத்தான், அது அவளுக்குத் தெரிய வேணாம்.