எக்ஸ்எல் கிளப்

கொட்டாம்பட்டியில் திருச்சி–மதுரை நால்வழிச் சாலையை விட்டு இறங்கினால் போதும், 'ஆஃப்ரோடு' ஆரம்பம். இதற்கு ஜீப்பும் வேண்டாம், கிளப் சந்தாவும் வேண்டாம். முன்னால் ஒரு தேங்காய் மூட்டை, பின்னால் ஒரு கட்டுப் புல், அதன்மேல் மச்சான். கண்மாய்க் கரையில் டிவிஎஸ் எக்ஸ்எல் போகிற போக்கைப் பார்த்தால் இமயமலை ரேஸ்காரர்கள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கும்பிடுவார்கள்.

அமெரிக்காவில் இதற்கெல்லாம் நிதியே உண்டு. காட்டிலும் மேட்டிலும் ஓட்டி எரிக்கிற பெட்ரோலுக்கும் சாலை வரி கட்டுகிறோமே என்று கணக்குக் கேட்டார்கள். 1991-இல் தனித் திட்டம் பிறந்தது. அந்தப் பணத்தில் 30 சதவீதம் மோட்டார் வண்டித் தடங்களுக்கு, 30 நடப்போர், சைக்கிள்காரர் வகையறாவுக்கு, மீதி 40 பலரும் சேர்ந்து புழங்கும் தடங்களுக்கு. பங்காளிச் சண்டை வராத பாகப்பிரிவினை!

நாமும் பெட்ரோலுக்குச் சாலை செஸ் கட்டுகிறோம்; 2000-லேயே சட்டம் வந்தாயிற்று. வரப்போரம் எரிந்த லிட்டருக்கும் அதே செஸ்தான். ஆனால் பங்கு கேட்டால், "நீங்கள் போவது பொழுதுபோக்குக்கு இல்லை, பொழைப்புக்கு" என்று மனுவைத் தள்ளிவிடுவார்கள்.

இருந்தாலும் டீக்கடையில் சொல்லிப் பார்த்தேன். எக்ஸ்எல் தம்பி கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னார்:

"பங்கு கெடக்கட்டும்ண்ணே. புலப்படத்துல வண்டிப்பாதைன்னு போட்டிருக்கு, போய்ப் பாத்தா தென்னங்கன்னு நிக்கிது. மொதல்ல பாதையக் காட்டச் சொல்லுங்க!"